வாசல் நிலைக்கு மேலே போன டியூப்

பவானி ஆற்றங்கரையில் ஒரு சிறிய மடம். அதன் குருவுக்குப் பவளக்கொடி என்று பெயர். வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். முன்பு ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர் சுத்தம் செய்யும் இடத்தில் வேலை பார்த்தவர். மடத்தின் பழைய சாமி கண் மூடுவதற்கு முன் சாவிக்கொத்தை அவர் கையில்தான் கொடுத்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது, அந்த மடத்தில் காரணம் சொல்லும் வழக்கமே கிடையாது.

சீடர்களில் மூத்தவர் சென்னியப்பன். குருவைவிட இருபது வயது பெரியவர். மஞ்சள் மண்டியில் ஏலம் கூறியே காலத்தை ஓட்டியவர். மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டை விட்டார், காட்டை விட்டார், குரலை மட்டும் விட மறந்துவிட்டார். அவர் ரகசியம் பேசினால் அக்கரையில் துணி துவைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அவர் குருவை "தாயி" என்பார். குரு அவரை "ஐயா" என்பார்.

மடத்துத் தண்ணீருக்கு மருந்து போடுவது சென்னியப்பனின் பொறுப்பு. ஆற்றுத் தண்ணீர் மேல் தொட்டியில் தெளிந்து, ஒரு பைப் வழியாகக் கீழ்த் தொட்டிக்கு இறங்கும். அங்கிருந்துதான் குடிக்கிற குழாய்க்கும் போகும், முருகன் அபிஷேகத்துக்கும் போகும். கீழ்த் தொட்டியில் தினமும் பிளீச்சிங் பவுடரைக் கலக்க வேண்டும்.

"அளந்து போடுங்கய்யா" என்பார் பவளக்கொடி.

"கிருமி சாகோணுமில்லீங்களா தாயி" என்று இன்னொரு கை சேர்த்துப் போடுவார் சென்னியப்பன்.

மடத்துத் தண்ணீர் ஆஸ்பத்திரி வாசம் அடிக்கிறது என்று ஊரில் பேச்சு. வழிப்போக்கர்கள் கைகால் கழுவிக்கொண்டு, குடிக்க மட்டும் டீக்கடையைத் தேடிப் போவார்கள். சென்னியப்பனுக்கு அதில் வருத்தமில்லை, சுத்தம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்பது அவர் கட்சி.

ஒருநாள் காலையில் அவர் குருவின் முன் வந்து நின்றார். குரு ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தாயி, நாளான்னிக்கு என்ற சம்சாரத்துக்குத் திதிங்க. சுகந்தி வர்றா."

சுகந்தி அவருடைய ஒரே மகள். ஓசூரில் வேலை. வருடத்தில் அந்த ஒருநாள் மட்டும் வருவாள். ஆற்றில் தாய்க்குச் செய்ய வேண்டியது முடிந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள். அப்பனிடம் பேச்சு வார்த்தை கிடையாது.

"போன வருசம் ஒரு டம்ளர் தண்ணி கொண்டுபோய் நீட்டினனுங்க. வாங்குனா. உதட்டுல வெச்சா. ஆஸ்பத்திரி வாசம்னு சொல்லிக் கீழ வெச்சுட்டுப் போயிட்டா. அன்னைக்கு அவ பேசுன ஒரே பேச்சு அதுதானுங்க."

குரு பெட்டியிலிருந்து கையை எடுத்தார்.

"அவ அம்மா வார்டுல கிடந்தப்ப இந்தப் புள்ள என்னமோ சொல்ல வந்துச்சு. நான் சொல்ல உடலை. சத்தம் போட்டுட்டேன். அதைத்தான் மனசுல வெச்சிருக்கா. ஆனா என்ற பக்கமும் ஒரு நியாயம் இருக்குதுங்க தாயி. டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னது அவளுக்குத் தெரியாது. வெளியே தூக்கிட்டுப் போனா வழியிலயே உசுரு போயிருமுன்னு சொன்னாரு. நான் யாருகிட்டயும் சொல்லலை. அதை அவ காது குடுத்துக் கேக்கோணும். எப்படிச் சொன்னாக் கேப்பா?"

பவளக்கொடி பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"மருந்து பம்ப் வந்திருக்குதுங்கய்யா. இனிமே கையில போட வேண்டாம். டியூப் எல்லாம் உள்ளயே இருக்குது. மாட்டுங்க."

"நான் கேட்டது..."

"கேட்டுச்சுங்கய்யா."

சென்னியப்பன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கேட்டதற்குப் பதில் வராவிட்டால் வேலையைப் பார்ப்பது என்பதை இத்தனை நாளில் கற்றிருந்தார். முகம் மட்டும் தொங்கியிருந்தது.

பம்ப் டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது. அடியில் ஒரு வாய், உச்சியில் ஒரு வாய். அடி வாய்க்கு மருந்து வரும் டியூப், அது சக்‌ஷன். உச்சி வாயிலிருந்து மருந்து போகும் டியூப், அது டெலிவரி. முன்னால் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு. கிணற்று மோட்டார் மாட்டத் தெரிந்தவருக்கு இது ஒரு வேலையே இல்லை என்று நினைத்தார்.

ஆனால் மடத்தில் ஒரு கட்டு உண்டு. முருகன் அபிஷேகத்துக்குப் போகும் எதையும் யாரும் தாண்டக் கூடாது. குடமோ, கயிறோ, பைப்போ, எதுவாக இருந்தாலும் கால் அதற்கு மேலே போகக் கூடாது. இன்னொரு கட்டு, மருந்து நெடி சந்நிதிப் பக்கம் வரக் கூடாது. அதனால் மருந்து டிரம் வெளியே கொட்டகையில் ஒரு திட்டின் மேல் இருந்தது. தொட்டி அறை உள்ளே. நடுவில் வாசல்.

சென்னியப்பன் பம்பைத் தொட்டி அறைச் சுவரில் மாட்டினார். கண் முன்னால் இருந்தால்தானே பார்த்துக்கொள்ள முடியும். சக்‌ஷன் டியூபைத் தரையில் விட்டால் நாளெல்லாம் ஆள் தாண்டுவார்கள். அதனால் டிரம்மிலிருந்து சுவரோரமாக மேலே ஏற்றி, வாசல் நிலைக்கு மேலே ஓட்டி, அந்தப் பக்கம் இறக்கிப் பம்பில் சேர்த்தார். சாண் இடைவெளியில் கிளிப் அடித்தார். நாலு மாவிலை செருகினால் கல்யாண வீடு என்று சொல்லிவிடலாம், அவ்வளவு அழகு.

குரு வந்து பார்த்தார்.

"நேர்த்தியா இருக்குதுங்கய்யா."

"மருந்தை ஊத்தட்டுமுங்களா?"

"மொதல்ல வெறும் தண்ணியை ஊத்திப் பாருங்க. கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் மாட்டாம மருந்துப் பக்கம் போகக் கூடாது."

"தண்ணிக்கு நெறமில்லீங்களே. டியூப்ல போகுதா போகலையான்னு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்ச நெறம் ஒண்ணு இருக்குதே."

சென்னியப்பன் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. சமையலறைக்குப் போய் மஞ்சள் பொடி கொண்டுவந்தார். கையால் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி டிரம்மில் ஊற்றினார். முழங்கை வரைக்கும் மஞ்சள் ஏறியது. பொடியை மோந்து பார்த்து, இது பெருந்துறைக் காட்டு மஞ்சள் என்றார். யாரும் கேட்கவில்லை.

பம்பைப் போட்டார். டக், டக் என்று அடித்தது. டியூபுக்குள் மஞ்சள் தண்ணீர் ஏறியது. அவர் நெஞ்சு உயரம் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்று, ஒவ்வொரு டக்குக்கும் ஒருமுறை நடுங்கியது. மேலே ஏறவில்லை.

சென்னியப்பன் திருகைக் கூட்டினார். டக்டக் என்று வேகமாக அடித்தது. தண்ணீர் வேகமாக நடுங்கியது. திருகை முழுக்கத் திருப்பினார். பம்ப் சுவரையே ஆட்டியது. மஞ்சள் அதே இடத்தில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் பலமா இழுக்கற பம்பா வாங்கியிருக்கலாமுங்க தாயி."

"அது இழுக்கறதில்லைங்கய்யா."

"பின்ன?"

"உள்ள கொஞ்சம் இடம் பண்ணிக் குடுக்குது. அவ்வளவுதான் அதோட வேலை. அந்த எடத்துக்குத் தண்ணி தானா வருது."

"எங்க வருது? நெஞ்சோட நிக்குதுங்களே."

பவளக்கொடி வாசல் நிலைக்கு மேலே கையைக் காட்டினார். டியூப் அங்கே வெறுமையாகப் பளபளத்தது.

"இங்க என்ன இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்க."

"காத்து இருக்குது. அம்புட்டு நீளத்துக்கும் காத்து. பம்ப் எடம் பண்ணுனா அந்தக் காத்துதான் விரிஞ்சு வந்து உக்காந்துக்குது. தண்ணிக்கு எடமில்லை. நீங்க திருகைக் கூட்டுனா காத்துதான் ஆடும்."

சென்னியப்பன் திருகைக் குறைத்தார். சத்தம் அடங்கியது.

"அப்ப டிரம்மை உள்ள கொண்டு வந்தரலாமுங்களா? நெடி அடிக்குமே."

"டிரம் ஏன் வரோணும்? பம்பை அங்க கொண்டு போங்க."

"நாமளே எறங்கிப் போறதுங்களா?"

குரு அதற்குள் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டார்.

மத்தியானம் சென்னியப்பன் பம்பைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார். டிரம்மை ஒட்டிய சுவரில் மாட்டினார். டியூபை ஒரு முழம் நறுக்கினார். வளைவில்லை, மேடில்லை, டிரம்மிலிருந்து நேராகப் பம்புக்கு. முனையில் வடிகட்டி வைத்த வால்வைப் போட்டு டிரம்முக்குள் இறக்கினார். அது டங்கென்று அடியில் முட்டியது.

"கொஞ்சம் தூக்கி வைங்கய்யா. அடியில கசடு படியும். அதைக் கிளற வேண்டாம்."

நாலு விரல் தூக்கி வைத்தார். மரையைக் கையால் முடுக்கிவிட்டு, ஸ்பேனரைத் தேடினார்.

"கை முடுக்குப் போதும். அதுக்கு மேல முடுக்குனா வெடிச்சுப் போகும்."

"லீக் ஆகாதுங்களா?"

"பாருங்களேன்."

பம்பின் தலையில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதை அரைச் சுற்றுத் தளர்த்தச் சொன்னார் குரு. பம்ப் ஓடியது. முதலில் காற்று சீறியது, பிறகு குமிழ் குமிழாக வந்தது. சென்னியப்பன் திருகை மூடப் போனார்.

"பொறுங்கய்யா."

"தண்ணி வந்துருச்சுங்களே."

"குமிழ் வருது. இன்னும் தண்ணி வரலை."

அவர் பொறுத்தார். பொறுப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். குமிழ் குறைந்தது. கடைசியில் ஒரு குமிழும் இல்லாமல், மஞ்சள் தண்ணீர் ஒரே நூலாக வந்தது. மூடினார்.

பிறகு வாசல் நிலையை நிமிர்ந்து பார்த்தார். அவர் அடித்த கிளிப்புகள் வரிசையாக இருந்தன.

"இதை எல்லாம் பிடுங்கோணுமுங்களா?" என்று கேட்டார். கேட்கும்போது குரல் சின்னதாகிவிட்டது. அவருக்கும் சின்னக் குரல் ஒன்று இருந்தது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எதுக்குங்கய்யா? அது இனி டெலிவரி டியூப். குடுக்கற பக்கம் ஏறட்டும், சுத்தட்டும், ஒண்ணும் கெட்டுப் போகாது. வாங்கற பக்கம்தான் தூரம் ஆகாது."

அவர் முகம் மலர்ந்தது. உச்சி வாயில் டியூபைச் சேர்த்தார். மஞ்சள் தண்ணீர் சுவரில் ஏறி, வாசலுக்கு மேலே போய், அந்தப் பக்கம் இறங்கியது. கீழ்த் தொட்டிக்கு இறங்கும் பைப்பில் அதன் முனையைச் சேர்க்க வேண்டும். சேர்க்கும் இடத்தில் போட ஒரு சின்ன ஸ்பிரிங் வால்வு பெட்டியில் இருந்தது. சென்னியப்பன் அதை ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. கன்னம் உப்ப ஊதினார். கொஞ்சம் போனது.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்து வாயில் அடைப்பு வைப்பதா என்று நினைத்தார். வால்வை மடியில் முடிந்துகொண்டு, டியூபை நேராகப் பைப்பில் சேர்த்தார். சாயங்காலம் தண்ணீரை நிறுத்தி, பம்பையும் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்.

மறுநாள் காலையில் பூசாரி வந்து தொட்டி அறை வாசலில் நின்றார். அவர் முகத்தில் குழப்பம்.

"இன்னைக்கு என்ன விசேசமுங்க? மஞ்சள் அபிஷேகமுன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

கீழ்த் தொட்டி முழுக்க மஞ்சள். குழாயைத் திறந்தால் மஞ்சள். முருகன் மஞ்சள், வேல் மஞ்சள், மயிலும் மஞ்சள். வெளியே போய்ப் பார்த்தால் டிரம் காலி.

சென்னியப்பன் பம்பின் சுவிட்சைப் பார்த்தார். அணைத்தது அணைத்தபடி இருந்தது.

"தாயி, நான் நிறுத்திட்டுத்தான் போனேன். முருகன் மேல ஆணையா நிறுத்தினேன்."

"பம்பை நிறுத்துனீங்க. டியூபை நிறுத்தலையே." பவளக்கொடி தொட்டி ஓரம் உட்கார்ந்தார். "டிரம் மேல இருக்குது. டியூப் முனை கீழ இருக்குது. ஒருக்கா நெறஞ்சுட்டா நடுவுல எம்புட்டு ஏறி எறங்குனாலும் அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். பம்ப் ஓடறப்பவும் இதுதான் கதை. நீங்க திருகுல வெச்ச அளவு ஒண்ணு, போய் விழற அளவு ஒண்ணு."

"மருந்தா இருந்திருந்தா?"

"அதுக்குத்தான் மஞ்சள்."

சென்னியப்பன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாளைக்கு இந்தக் குழாயில்தான் சுகந்திக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

"வால்வு எங்கீங்கய்யா?"

அவர் மடியை அவிழ்த்துக் கொடுத்தார். குரு அதை வாங்கி, அவர் கட்டைவிரலை எடுத்து ஸ்பிரிங் மேல் வைத்தார்.

"அழுத்துங்க."

அழுத்தினார். கொஞ்சம் எதிர்த்துவிட்டு உள்ளே போனது.

"உடுங்க."

விட்டார். மூடிக்கொண்டது.

"பம்ப் ஒவ்வொருக்காவும் இதை இப்படித் தள்ளித் திறக்கோணும். தள்ளுன அளவு போகும். அப்புறம் மூடிக்கும்."

"பாவம், அதுக்குச் சிரமமில்லீங்களா?"

"சிரமம்தான்" என்றார் குரு.

அன்று பகல் முழுக்கத் தொட்டியைக் கழுவினார்கள். பூசாரி முருகனைக் கழுவினார். சென்னியப்பன் வால்வைப் பொருத்தி, வெறும் தண்ணீர் விட்டு, டியூபில் மஞ்சள் நிறம் மறையும்வரை ஓட்டினார். பம்பை நிறுத்திவிட்டு டியூபின் முன் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. பிறகு உறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு மருந்தை ஊற்றினார். சின்னத் திருகைத் தளர்த்தி, குமிழ் அடங்கும்வரை, இந்த முறை கால் மாற்றாமல் நின்றார்.

குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, மருந்து இருந்தால் மஞ்சளாக மாறும் சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். மிக மிக வெளிறிய மஞ்சள் வந்தது. சென்னியப்பன் அளவுத் திருகை நோக்கிக் கையை நீட்டினார்.

"போதுமுங்கய்யா" என்றார் குரு.

"இருக்கறதே தெரியலீங்களே."

"போதும்."

கையை மடக்கிக்கொண்டார்.

திதி அன்று சுகந்தி முதல் பஸ்ஸில் வந்தாள். ஆற்றில் செய்ய வேண்டியது முடிந்தது. பிண்டம் கரைத்துவிட்டு ஈரப் புடவையோடு படியேறி வந்து, கொட்டகையில் பையை எடுத்தாள். பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. வெயிலும் ஏறியிருந்தது. டிரம்முக்குக் கொஞ்சம் தள்ளிக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

சென்னியப்பன் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். பெஞ்சில் அவள் பக்கத்தில் வைத்தார். நீட்டவில்லை. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

அவள் டம்ளரைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தாள்.

"கை என்ன மஞ்சளா இருக்குது? மறுபடியும் மண்டிக்குப் போறீங்களா?"

ஒரு வருடத்தில் மகள் கேட்ட முதல் கேள்வி. சென்னியப்பன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்ல கண்ணு. இங்க ஒரு வேலை."

என்ன வேலை என்று சொல்ல அவரிடம் இரண்டு நாள் கதை இருந்தது. முருகன் மஞ்சள் குளித்த கதையைச் சொன்னால் அவள் சிரிக்கவும் கூடும். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் பம்ப் டக் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி டக் என்றது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

சுகந்தி பஸ் கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள். எந்த பஸ்ஸில் வந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சொல்லவில்லை. ஓசூரில் வீட்டுக்காரர் வாடகை கூட்டியதைச் சொன்னாள். அதற்கும் அவரிடம் யோசனை இருந்தது. ம் என்றார். பிறகு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் ஆற்றைப் பார்த்தார். எழுந்து போய்விடுவாளோ என்று உள்ளுக்குள் தவித்தார். தவித்தாலும் அசையாமல் இருந்தார்.

கடைசியில் அவர்தான் கேட்டார். அவருடைய அந்தச் சின்னக் குரலில் கேட்டார்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்னமோ சொல்ல வந்தியே கண்ணு. அது என்ன?"

சுகந்தி திரும்பி அவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள் போலும். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"இப்ப எதுக்கு அது?"

பம்ப் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா வீட்டுக்குப் போகோணும்னு சொல்லுச்சு" என்றாள் சுகந்தி. "கொய்யா மரத்துக்கு அடியில கட்டில் போட்டு ஒருநாள் படுத்திருந்தாப் போதும்னு சொல்லுச்சு. அப்பாகிட்ட நீ சொல்லு, நான் சொன்னா அழுதுருவாருன்னு சொல்லுச்சு. நான் வந்து வந்து ஆரம்பிச்சேன். அப்பா, அம்மா என்ன சொல்லுதுன்னா, அப்பா, அம்மா என்ன சொல்லுதுன்னா. ஒருதடவைகூட நீங்க முடிக்க உடலை. டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமான்னு கத்துனீங்க. வார்டே திரும்பிப் பாத்துச்சு. அம்மாவும் பாத்துச்சு. அப்புறம் அது கேக்கவே இல்ல."

அவள் அழுதாள். புடவைத் தலைப்பு ஏற்கெனவே ஈரம், எதால் துடைப்பது என்று தெரியாமல் அப்படியே அழுதாள்.

நான் சொன்னால் அழுதுவிடுவார் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அது சென்னியப்பனுக்கு இன்றுவரை தெரியாது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் தன்னைப் பற்றி இப்படி நினைத்திருக்கிறாள் என்பது அவரை உலுக்கிவிட்டது. டாக்டர் தனியாகக் கூப்பிட்டது, வழியிலேயே உயிர் போய்விடும் என்றது, ஆம்புலன்ஸ், ஆக்சிஜன், இந்த நாலு வருடமாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த நியாயம் எல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் முட்டியது. அவர் பல்லைக் கடித்தார். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஒரு வார்த்தை வெளியே வந்தது.

"பயந்துட்டேன் கண்ணு."

சுகந்தி முகத்தைக் கையாலேயே துடைத்தாள். பிறகு பெஞ்சில் இருந்த டம்ளரை எடுத்தாள். ஒரு வாய் குடித்தாள். அப்புறம் முழுவதையும் குடித்தாள். காலி டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்."

அவர் எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். அவசரமாக நடந்ததில் பாதி வழியில் சிந்தியது. இருந்ததைக் குடித்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது. சுகந்தி பையை எடுக்கவில்லை.

"அடுத்த பஸ் எப்ப?" என்று கேட்டாள்.

"மத்தியானம்."

"சரி."

மத்தியானம் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு சென்னியப்பன் மடத்துக்குத் திரும்பினார். குரு கொட்டகையில் பம்பின் முன் குந்தியிருந்தார். சின்னத் திருகைத் தளர்த்திக் குமிழை வெளியே விட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் சென்னியப்பனும் குந்தினார்.

"தாயி, நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலை."

குரு திருகை மூடினார்.

"என்ற நியாயம் அப்படியே எனக்குள்ளதான் இருக்குது. டாக்டர் சொன்னதைச் சொல்லலை. ஒண்ணையுமே சொல்லலை. ஒரே ஒரு வார்த்தைதான் வந்துச்சு. அது பத்துமுங்களா?"

"புள்ள தண்ணி குடிச்சுதுங்களா?"

"குடிச்சுதுங்க. ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சுது."

"மருந்து வாசம் அடிக்குதுன்னு சொல்லுச்சா?"

சென்னியப்பன் யோசித்தார்.

"இல்லீங்க தாயி. ஒண்ணுமே சொல்லலை."

"மருந்து இருந்துச்சுங்கய்யா" என்றார் பவளக்கொடி. "அளவா இருந்துச்சு."